உப்புச்சாடி

மார்ச் மாதத்திலிருந்து என் போன்
கேட்டுக்கொண்டே இருக்கிறது.
பகலில் மருந்துக்கடை வெள்ளைக் கோட்டின் இடதுபையில்,
இரவில் தலைமாட்டில், சார்ஜ் வயரோடு.
மணிக்கொரு கோப்பு.
இதுவரை ஐயாயிரத்துச் சொச்சம்.

எதற்கு என்று கேட்ட நில்டாவிடம்
ஞாபகத்துக்கு என்றேன்.
உண்மை வேறு.
நீதான் சொன்னாய் என்பான் ஏபெர்.
நான் சொல்லவே இல்லை என்பேன்.
பத்தொன்பது வருடமாக எங்கள் வீட்டில்
நடுவர் இல்லாமல் நடக்கிற ஆட்டம்.

அவனிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன்.
தோளைக் குலுக்கினான்.
அது பதிவாகியிருக்காது.

ஒரு மாதத்தைக் கேட்க ஒரு மாதம் ஆகும் என்று
எவரும் எச்சரிக்கவில்லை.
ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து பார்த்தேன்.
முக்கால்வாசி, துணி உரசுகிற சத்தம்.
என் வாழ்க்கை பெரும்பாலும் பருத்தி.
இடையிடையே கல்லாப்பெட்டி.
பாதி மாத்திரை போதுமா முழுசா என்று யாரோ.
121ஆம் பஸ்ஸின் கதவு விடும் பெருமூச்சு.
கடலோரச் சாலையில் காற்று
மைக்கை அறைந்து அறைந்து ஓய்கிறது.
மாத்தே குடுவையின் அடியில் கடைசி உறிஞ்சல்.
பக்கத்துவீட்டு ரேடியோவில் கோல் விழுந்து
நான்கு விநாடி கழித்து எங்கள் டிவியில் விழுகிறது;
ஏபெர் இரண்டுக்கும் கத்துகிறான்.
இருபது நிமிடத்தில் தூங்கிப்போனேன்.
அந்தக் குறட்டையும் உள்ளே இருக்கும்.

அக்டோபரில் சண்டை.
ரிவேராவில் கிடைக்க இருந்த வேலையை விட்டுவிட்டானாம்,
மரக்கிடங்கில் மேற்பார்வை, வீடும் தருவார்களாம்.
"உன்னைக் கேட்டேன். நீ வாயே திறக்கவில்லை."
எப்போது கேட்டாய்?
"ஆகஸ்டில். ஒரு தடவை இல்லை."
எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து கோட்டை உதறினாள்.
ஆகஸ்ட் முழுக்க என் பையில் இருக்கிறதே!

மூன்று இரவு தேடினேன்.
திரையில் ஒலியின் கோடுகள்:
காடாய் அடர்ந்த இடமெல்லாம் என் பேச்சு,
நடுவில் ஒற்றைப் புல்லாக
அவனுடைய "ம்".
அவன் கேட்கவில்லை. எங்கேயும் கேட்கவில்லை.
ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து
தண்ணீர் குடிக்கப் போனேன்,
நிறுத்த மறந்து.

ஆகஸ்ட் பதினான்கு, இரவு ஒன்பது மணிக் கோப்பு.
நான் குளிக்கப் போயிருக்கிறேன்; தூரத்தில் ஷவர்.
போன் சாப்பாட்டு மேஜையில்.
நாற்காலி நகர்கிறது.
பக்கத்தில், மிகப் பக்கத்தில், மூச்சு.

"சூல்மா. இதை எப்படியும் கேட்பாய்.
முகத்துக்கு நேரே கேட்டால்
உடனே பதில் சொல்லிவிடுவாய்.
எனக்கு உடனே வேண்டாம்.
ரிவேராவுக்குப் போகலாமா?
போகலாம் என்றால்
உப்புச்சாடியை ஜன்னல் பக்கம் நகர்த்திவை.
பேச வேண்டாம்."
ஓர் இருமல்.
பிறகு, குரலை இறக்கி:
"நீலக் கோப்பையை உடைத்தது பூனை இல்லை."

பதினாறாம் தேதியிலும் இருந்தான்.
இருபத்தொன்றிலும்.
ஒவ்வொரு முறையும்
ஷவர் சத்தத்தின் நீளத்துக்குள் முடித்துக்கொண்டு.
கடைசித் தடவை வார்த்தையே இல்லை.
மேஜை விரிப்பின் மேல் ஒரு கண்ணாடி
நகர்த்தப்பட்டு, நின்று,
திரும்ப இழுக்கப்படும் சத்தம்.
ஜன்னல் பக்கம் அது எப்படி இருக்கும் என்று
தானே வைத்துப் பார்த்திருக்கிறான்.

ஏழு மாதம் எல்லாவற்றையும் பையில் போட்டேன்.
காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்று காலை உப்புச்சாடியை ஜன்னலோரம் வைத்துவிட்டு
வேலைக்குப் போனேன்.
போனையும் மேஜையிலேயே விட்டுவிட்டு.
அந்த வேலைக்கு வேறு ஆள் வந்தாயிற்று, தெரியும்.
மாலை வந்தபோது சாடி அடுப்புப் பக்கம் இருந்தது.
சூப்புக்கு எடுத்தானா,
பதில்தானா?
ஏபெர் முதுகைக் காட்டிக்கொண்டு தட்டு கழுவினான்.
சூப்பில் உப்பு சரியாக இருந்தது.

குளிக்கப் போகிறேன் என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.
போனை அணைத்து மேஜையில் வைத்தேன்.
குழாயை முழுக்கத் திறந்துவிட்டு,
நனையாமல்,
கதவுக்கு இந்தப்புறம் வந்து
மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.